பாலங்களைப் படம் எடுப்பதும் பாலத்தின் கதை கேட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடமாகப் பாலங்களைப் படம் எடுத்து வருகிறேன். படத்தோடு சேர்த்து, அந்தப் பாலத்தைப் பற்றி ஞாபகம் வைத்திருப்பவர்களிடம் பேசிக் குரலையும் பதிவு செய்கிறேன். படங்களை யாருக்குக் காட்டினாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எளிதானவை முதலில், வம்பானவை பின்னால்.

1. பாலத்துல படம் எடுக்க அப்படி என்ன இருக்கு? எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு?

பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று தெரியாதவரை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வளைவுப் பாலத்தில் பாரம் வளைவின் வழியே நழுவி இரண்டு கரைகளையும் நெட்டித் தள்ளுகிறது. தொங்குபாலத்தில் வடம் தாங்குகிறது, வடத்தைக் கோபுரம் தாங்குகிறது, வடத்தின் நுனியைக் கரையில் புதைத்த நங்கூரம் இழுத்துப் பிடிக்கிறது. சாதாரண உத்தரப் பாலத்தில் தூணுக்குத் தூண் பலகை போட்ட மாதிரி. இதைப் புரிந்துகொண்டு பார்த்தால் கேமராவை எங்கே திருப்புவது என்று கண்ணே சொல்லும்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் கட்டப்பட்டபோது, அது எப்படி நிற்கும் என்று பொதுமக்களுக்கு விளங்கவில்லை. 1887-ல் பொறியாளர்கள் ஒரு வேடிக்கை செய்து காட்டினார்கள். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கையை இருபுறமும் நீட்டிக் கழிகளைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிப்பக்கக் கைகளில் செங்கல் எடை. உள்பக்கக் கழிகளின் நடுவே தொங்கும் பலகையில் மூன்றாவது ஆள், ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வதனபே. அவர் கால் தரையில் படவில்லை. அந்த ஒரே படம் பாலத்தை விளக்கிவிட்டது. பாலம் 1890-ல் திறந்தது. பாலப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதில் பாலமே இல்லாவிட்டாலும்.

2. என்கிட்ட நல்ல கேமரா இல்லை, போன் மட்டும்தான். போதுமா?

தாராளமாகப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: போனின் வழக்கமான லென்ஸ் கொஞ்சம் அகலமானது. பாலத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் கிட்டே இருக்கும் தூண் பூதம் மாதிரியும், நீண்டு போகும் பகுதி எலிவால் மாதிரியும் வரும். நன்றாகப் பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். அப்புறம், கேமரா வைத்திருப்பவரைக் கண்டு கொஞ்சம் விறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் போனைக் கண்டுகொள்வதே இல்லை. கதை கேட்கப் போகும்போது இது பெரிய சௌகரியம்.

3. எந்த நேரத்துக்குப் போனால் படம் நல்லா வரும்?

எல்லாரும் சொல்வது சூரியோதயம், அஸ்தமனம். தப்பில்லை. பக்கவாட்டு வெயிலில் ரிவெட் ஆணிகளின் தலைகள் ஒவ்வொன்றும் நிழலோடு துருத்தி நிற்கும். ஆனால் இரும்புச் சட்டங்கள் பின்னிப் பிணைந்த பாலத்துக்கு மேகமூட்டம்தான் சிறந்தது, வெயிலில் நிழல்கள் சட்டங்களோடு குழம்பிவிடும். தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள் என்று தொழில் கட்டுமானங்களையே வாழ்நாளெல்லாம் எடுத்த ஜெர்மானியத் தம்பதி பெர்ன்ட், ஹில்லா பெக்கர் மங்கலான வானத்துக்காகவே காத்திருப்பார்கள். இரவுப் படம் என்றால் சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்துக்குள், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிடுங்கள். கன்னங்கரேலென்ற வானத்தில் விளக்கு மட்டும்தான் தெரியும், பாலம் தெரியாது.

யாரும் சொல்லாத இன்னொரு நேரம் உண்டு: ஆற்றில் தண்ணீர் வற்றும் காலம். அடித்தளக் கற்கள், வெள்ளம் ஏறிய கறைகள், முந்தைய பாலத்தின் மொட்டைத் தூண்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே தலைகாட்டும். ஒரே பாலத்துக்கு வருடத்தில் இரண்டு முறையாவது போவது இதற்காகத்தான்.

4. எங்கே நின்னு எடுக்கறது? நான் எடுக்கறதெல்லாம் படம் போட்ட அஞ்சலட்டை மாதிரியே வருது.

அஞ்சலட்டைக்காரர் நின்ற இடத்தில் நின்றால் அஞ்சலட்டைதான் வரும். நான் கடைப்பிடிக்கும் வழி இது: முதலில் கதையைக் கேட்டுவிடுகிறேன், பிறகு சொன்னவர் நின்ற இடத்தைக் கேட்கிறேன், அங்கே போய் எடுக்கிறேன். "அப்போ நீங்க எங்கே நின்னுட்டு இருந்தீங்க?" இந்த ஒரு கேள்விதான் எனக்குப் படங்களைத் தருகிறது.

ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாலத்தின் முழு நீளத்தையும் அந்தி வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏழு வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல்முறை அந்தப் பாலத்தைக் கடந்தாராம். பாலம் என்றால் அவருக்குக் கம்பிக் கிராதியின் இடைவெளியில் ஓடிய தண்ணீரும், வலது கண்ணின் ஓரத்தில் அப்பாவின் வேட்டிக் கரையும்தான். மறுநாள் போய் முட்டிபோட்டு, கேமராவைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, கிராதியின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே எடுத்தேன். கம்பிகள் மங்கல், தண்ணீர் துல்லியம். அந்தப் படத்தை அவர் திருப்பித் தரவில்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய வாஷிங்டன் ரோப்ளிங், அடித்தளம் தோண்ட ஆற்றடியில் இறக்கிய அழுத்தக் காற்று அறைகளில் இறங்கி வேலை பார்த்ததில் நோய்ப்பட்டுப் படுத்துவிட்டார். வருடக்கணக்கில் வீட்டு ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில்தான் தன் பாலம் வளர்வதைப் பார்த்தார். அவர் சொல்வதைக் கேட்டு வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பொறியாளர்களோடு பேசி வேலையை நடத்தியவர் மனைவி எமிலி. பாலம் 1883-ல் திறந்தது. ரோப்ளிங்கின் பாலத்தை எடுக்க வேண்டுமென்றால் நான் ஜன்னலிலிருந்துதான் எடுப்பேன்.

5. தூண்கள் எல்லாம் மேலே போகப் போக உள்ளே சாயுதே, ஏன்?

கேமராவை அண்ணாந்து பிடித்ததால். மட்டமாகப் பிடித்து, கீழே வேண்டாத தரையும் சேர்ந்து வரட்டும் என்று விட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். திருத்தும் செயலியில் நிமிர்த்தவும் முடியும், ஆனால் ஓரங்கள் பறிபோகும். அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள். தொடுவானம் சாய்ந்திருப்பதை மட்டும் மன்னிக்கவே முடியாது, தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும் போலிருக்கும்.

6. பாலத்து மேலேயே டிரைபாட் வெச்சு ராத்திரி எடுத்தேன். எல்லாம் கலங்கி வருது. டிரைபாட் மட்டமோ?

டிரைபாட்டைத் திட்டாதீர்கள், ஆடுவது பாலம். எல்லாப் பாலமும் ஆடும், ஆட வேண்டும் என்றுதான் கட்டுகிறார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு ஐம்பது வயதானபோது, 1987-ல், ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மேலே ஏறி நெருக்கி நின்றார்கள். நடுவே மேல்நோக்கி வளைந்திருக்கும் தளம் தட்டையாகிவிட்டது. ஒன்றும் உடையவில்லை.

லாரி போகும்போது தளம் அதிரும், போன பிறகும் சில விநாடி அதிர்வு இருக்கும். வண்டியில்லாத இடைவெளிக்குக் காத்திருங்கள். பத்து விநாடி ஷட்டருக்குப் பதில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றி ஒரு விநாடிக்குள் எடுங்கள். தூணுக்கு நேர் மேலே நின்றால் ஆட்டம் குறைவு, இரண்டு தூண்களுக்கு நடுவில் அதிகம். எல்லாவற்றையும்விடச் சுலபம், கரையில் இறங்கி நின்று எடுப்பது.

7. ஒரு பாலத்தை "முழுசா" எடுத்தேன்னு எப்போ சொல்லலாம்?

சொல்லவே முடியாது. ஆனால் நான் விடாமல் எடுப்பவை சில உண்டு. தூரத்திலிருந்து முழு நீளம், ஊருக்கும் பாலத்துக்கும் உள்ள உறவு தெரிகிற மாதிரி. பாலத்தின் அடிப்பகுதி. கல்வெட்டோ பெயர்ப் பலகையோ இருந்தால், எழுத்தைப் படிக்கும்படி நேராக. சேர்மானங்கள், அதாவது ஒரு துண்டு இன்னொன்றோடு இணையும் இடங்கள். தேய்மானங்கள்.

சேர்மானம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் நிற்கும் இரும்புப் பாலம்தான் உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம். அதுவரை யாரும் அப்படிக் கட்டியதில்லை என்பதால் இரும்பை எப்படி இணைப்பது என்று முன்மாதிரி கிடையாது. தச்சர்கள் மரத்தைக் கோப்பதுபோலக் குடைவும் குமிழும் வைத்து, புறாவின் வால் வடிவப் பொருத்து வைத்து இரும்பைக் கோத்திருக்கிறார்கள். தூரத்துப் படத்தில் இது தெரியாது. ஒரு பொருத்தைக் கிட்டே போய் எடுத்தால் தச்சுக் கை இரும்புக்குப் பழகிய கதை முழுவதும் அதில் இருக்கும். தெற்கு பிரான்சில் ரோமானியர்கள் கட்டிய போன் து கார் நீர்ப்பாலத்திலும் அப்படித்தான்: சாரம் கட்ட விட்டுவைத்த கற்கள் இன்னமும் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன.

தேய்மானத்துக்கு ஒரு உதாரணம். பழைய இரும்புக் கிராதி ஒன்றில் வண்ணம் உரிந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் விளிம்பில் மரவளையம் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள்: மேலே சாம்பல், அதற்கடியில் பச்சை, மறுபடி சாம்பல், ஒரு மெல்லிய வெள்ளி, கடைசியில் செங்காவி அடிப்பூச்சு. அந்தப் படத்தைக் காட்டியதும் ஒரு முதியவர், "பச்சை அடிச்ச வருஷம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்று ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார்.

8. பாலத்தோட வரலாறு எங்கே கிடைக்கும்? இணையத்துல ரெண்டு வரிதான் இருக்கு.

முதலில் பாலத்திலேயே தேடுங்கள். இரும்புச் சட்டங்களில் உருக்காலையின் பெயர் புடைப்பாக இருக்கும், தூணில் வெள்ள மட்டக் கோடும் வருடமும் இருக்கும். மேலே சொன்ன செவர்ன் பாலத்தின் சுங்கச்சாவடியில் பழைய கட்டணப் பலகை இருக்கிறது. ராணுவ வீரரோ அரச குடும்பமோ, யாராக இருந்தாலும் சுங்கம் கட்டத்தான் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு பலகையில் எவ்வளவு கோபம் பாருங்கள்.

பிறகு திறப்பு விழா வாரத்துச் செய்தித்தாள்கள், பாலம் கட்டப்படுவதற்கு முன்னும் பின்னும் வெளியான வரைபடங்கள், பழைய அஞ்சலட்டைகள். கட்டிய துறையின் கோப்புகளைக் கேட்டுப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நியூயார்க் நகரப் பாலத்துறையில் யூஜின் டி சாலிக்னாக் என்ற ஊழியர் 1906 முதல் 1934 வரை அலுவலகத் தேவைக்காகப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ஏறக்குறைய 20,000 படங்கள். 1914-ல் புரூக்ளின் பாலத்து வடங்களில் வண்ணம் பூசுபவர்கள் சங்கீதக் குறிகள் மாதிரி அங்கங்கே தொற்றிக்கொண்டு நிற்கும் அவருடைய படம் இன்று உலகப் புகழ். அவர் உயிரோடு இருந்தவரை அது கோப்பில் கிடந்த ஒரு துறைப் படம்தான்.

9. கட்டின வருஷம் ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்காங்க. எதை எழுதறது?

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். செவர்ன் இரும்புப் பாலத்தை 1779-ல் எழுப்பி நிறுத்தினார்கள், போக்குவரத்துக்குத் திறந்தது 1781-ன் முதல் நாள். அதனால் வருடத்தை மட்டும் எழுதாமல், என்ன நடந்த வருடம் என்றும் எழுதுங்கள். விழாவே நடக்காத பாலங்களும் உண்டு. கல்கத்தாவின் ஹௌரா பாலம் 1943 பிப்ரவரியில் விழா ஏதுமின்றித் திறந்தது. போர்க்காலம், குண்டு விழும் பயம்.

10. பெரியவங்ககிட்ட கேட்டா "பாலத்துல என்னப்பா கதை இருக்கு"ன்னு முடிச்சுடறாங்க. எப்படிப் பேச வைக்கறது?

"பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்குமே ஒன்றும் தோன்றாது. சின்னதாகக் கேளுங்கள். முதல்முறை யாரோடு கடந்தீர்கள்? கையில் என்ன இருந்தது? பாலம் வருவதற்கு முன் எப்படி அக்கரைக்குப் போனீர்கள்? ஓடக்காரர் அப்புறம் என்ன ஆனார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களை நான் பார்த்ததே இல்லை. பாலம் வந்ததில் ஊர் பிழைத்திருக்கும், யாரோ ஒருவர் பிழைப்பைத் தொலைத்திருப்பார்.

சிட்னித் துறைமுகப் பாலம் கட்டப்பட்ட காலத்தில் அதன் வடகரையில் பாதிரியாராக இருந்தவர் ஃபிராங்க் கேஷ். பாலத்துக்கு வழிவிட நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள், அவருடைய சபையைச் சேர்ந்தவர்களின் வீடுகளும் அதில் உண்டு. கேஷ் கேமராவோடு போய், எழும்பும் இரும்பை எடுத்த அதே அக்கறையோடு இடிபடும் வீடுகளையும் எடுத்தார். 1932-ல் திறந்த அந்தப் பாலத்துக்குக் கம்பீரமான படங்கள் எத்தனையோ உண்டு. வீட்டைப் பறிகொடுத்தவர் காட்டிக் கதை சொல்ல அந்தப் பாதிரியாரின் படங்கள்தான் இருக்கின்றன.

இன்னொன்று, வெறுங்கையோடு போகாதீர்கள். 7-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி, பாலத்தின் ஏதாவது ஒரு சின்ன இடத்தின் படத்தை அச்சுப் போட்டு எடுத்துப் போங்கள். முழுப் பாலத்தைவிடத் துண்டுப் படம்தான் வாயைத் திறக்க வைக்கிறது.

11. பேச்சைப் பதிவு பண்ண என்ன வேணும்?

போன் போதும், அமைதியான அறை வேண்டும். நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். சூழல் நன்றாக இருக்கும் என்று ஒருவரைப் பாலத்து மேலேயே நிற்க வைத்து நாற்பது நிமிடம் பேச வைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் காற்று, காற்று, நடுவில் ஒரு "ஆனா அன்னிக்கு…", மறுபடி காற்று. திரும்பக் கேட்டபோது அவர் அதே கதையைச் சுருக்கிப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இரண்டாம் முறை சொல்லும் கதை எப்போதும் சுருங்கித்தான் போகும். இப்போதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிறேன், முதல் அரை நிமிடத்தைக் காதில் மாட்டிக் கேட்டு உறுதி செய்கிறேன், அப்புறம்தான் பாலத்துக்குக் கூட்டிப்போகிறேன். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் சம்மதித்தது மூன்றையும் குரலிலேயே பதிந்துவிடுங்கள்.

12. அவர் சொல்றது தப்புன்னு ஆவணத்துல தெரியுது. திருத்தலாமா?

பதிவில் கை வைக்காதீர்கள். அடிக்குறிப்பாக ஆவணம் சொல்வதை எழுதுங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். திறப்பு விழாவில் இருந்ததாக ஒருவர் விலாவாரியாகச் சொன்னார், கணக்குப் போட்டால் அப்போது அவர் பிறக்கவே இல்லை. விசாரித்ததில் போனது அவருடைய அண்ணன். சின்ன வயதிலிருந்து அண்ணன் சொல்லிச் சொல்லி இவருக்குச் சொந்த ஞாபகமாகிவிட்டது. பொய் என்று அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாலம் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

13. "தூண் நிக்காம நரபலி குடுத்தாங்க"ன்னு சொல்றாங்க. இதையெல்லாம் எழுதலாமா?

வதந்தி என்று சொல்லி எழுதலாம். இது ஒரு ஊரின் சொத்தல்ல. கிரேக்கத்தில் ஆர்தா பாலத்துக்கும் இதே கதை உண்டு: பகலில் கட்டியது இரவில் இடிந்து விழ, தலைமைக் கொத்தனின் மனைவியை உள்ளே வைத்துக் கட்டிய பிறகுதான் நின்றதாம்.

ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் உண்மையாகவே செத்தவர்கள் யார் என்று தேடத் தொடங்குவேன். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தவர் ஜான் ரோப்ளிங், வாஷிங்டனின் அப்பா. இடம் பார்க்கப் போனபோது படகு மோதிக் கால் நசுங்கி, இசிவு நோய் கண்டு 1869-ல் இறந்தார், வேலை தொடங்குவதற்கு முன்பே. கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே 1907-ல் சரிந்து 75 தொழிலாளர்கள் மாண்டார்கள், அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கானவாகே என்ற ஒரே பூர்வகுடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். பலி நடந்தது என்னவோ நிஜம். யார் கொடுத்தது என்பதில்தான் கதை மாறுகிறது.

14. விபத்து நடந்த பாலம். படம் எடுக்கலாமா? உறவுக்காரங்ககிட்ட கேக்கலாமா?

எடுக்கலாம், சில சமயம் எடுத்தே ஆக வேண்டும். 1879 டிசம்பர் 28 இரவு, புயலில் ஸ்காட்லாந்தின் டே பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. விசாரணைக்காக உடைந்த இரும்புகளை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தார்கள். நூறு வருடம் கழித்தும் பொறியாளர்கள் அந்தப் படங்களைப் பெரிதாக்கி, எந்தப் பொருத்து முதலில் விட்டது என்று ஆராய்ந்தார்கள். அழகுக்காக எடுத்த படத்தில் அந்தப் பயன் இருந்திருக்காது.

மனிதர்களிடம் போவது வேறு விஷயம். இத்தாலியின் ஜெனோவாவில் 2018-ல் மொராந்தி பாலம் சரிந்து 43 பேர் இறந்தார்கள். அப்படி ஆளை இழந்த வீட்டுக்குக் கேமராவோடு போய் நிற்காதீர்கள். விபத்தைப் பற்றி நான் ஒருபோதும் கேள்வியாகக் கேட்பதில்லை, 10-ஆம் கேள்வியில் சொன்ன சின்னக் கேள்விகளோடு நிறுத்திக்கொள்வேன். அவர்களாகவே அங்கே வந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். வரவில்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

15. பாலமே இப்ப இல்லை. எதைப் படம் எடுக்கறது?

மிச்சம் கண்டிப்பாக இருக்கும். டே ஆற்றில் இன்றைய பாலத்துக்குப் பக்கத்தில் விழுந்த பாலத்தின் அடித்தூண்கள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. ரயிலில் போகும்போதே பார்க்கலாம். எதுவும் இல்லாவிட்டால் பாதை இருக்கும்: ஆற்றங்கரை வரை வந்து திடீரென்று முடிந்துபோகும் தெரு. பழைய படம் ஒன்று கிடைத்தால் அது எடுக்கப்பட்ட அதே புள்ளியைத் தேடி, அதே கோணத்தில் இன்றைக்கு எடுங்கள். மலைக்கோடு, கோயில் அல்லது தேவாலயக் கோபுரம், கரையின் வளைவு இவற்றை வைத்து இடத்தைப் பிடிக்கலாம்.

பாலம் வேறு ஊருக்குப் போயிருக்கவும் கூடும். 1831-ல் திறந்த லண்டன் பாலத்தை 1968-ல் ஒரு அமெரிக்கத் தொழிலதிபர் விலைக்கு வாங்கி, வெளிக்கற்களுக்கு எண் போட்டுக் கப்பலேற்றி, அரிசோனாவில் கான்கிரீட் எலும்பின் மேல் போர்த்தி நிறுத்தினார். எண்கள் இன்னும் சில கற்களில் தெரியும்.

போகப்போகும் பாலம் என்றால் உடனே கிளம்புங்கள். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது, பக்கத்திலேயே புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. பழையதும் புதியதும் ஒரே சட்டத்தில் நிற்கும் காலம் எந்தப் பாலத்துக்குமே குறுகியது.

16. இடிஞ்சதைத் திரும்பக் கட்டியிருக்காங்க. அது அதே பாலமா, வேற பாலமா? எப்படி எழுதறது?

இதில் நான் பலமுறை கட்சி மாறியிருக்கிறேன். போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்துப் பழைய பாலம் 1566-ல் கட்டி முடித்த ஒற்றை வளைவு. 1993 நவம்பர் 9-ஆம் தேதி போரில் குண்டு வீசித் தகர்த்தார்கள். அதே வகைக் கல்லில், பழைய முறையிலேயே திரும்பக் கட்டி 2004-ல் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்ற புதுக் கல்லைப் பார்த்து முதலில் நகல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஊர் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலத்து உச்சியிலிருந்து ஆற்றில் குதிப்பவர்கள், புதுப் பாலத்திலிருந்தும் குதிக்கிறார்கள். குதிப்பவனுக்கு அது அதே பாலம்.

ஜப்பானின் கின்தாய் மரப்பாலம் 1673-ல் கட்டியது, மறுவருடமே வெள்ளத்தில் போய்த் திரும்பக் கட்டினார்கள். 1950-ல் மறுபடி புயல் கொண்டுபோக, 1953-ல் மறுபடி கட்டினார்கள். பெருவில் அபூரிமாக் ஆற்றின் மேல் கேஸ்வசாகா என்ற புல்கயிற்றுப் பாலம் இருக்கிறது. சுற்றுவட்டாரச் சமூகங்கள் கூடி வருடாவருடம் ஜூனில் புல்லைத் திரித்து அதைப் புதிதாகக் கட்டுவார்கள். கொள்ளைநோயால் 2020-ல் கட்டவில்லை, 2021 மார்ச்சில் அறுந்து விழுந்தது, ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். அங்கே போய் "இது எவ்வளவு பழைய பாலம்?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? ஆகவே கற்களின் வயது, வடிவத்தின் வயது, வழக்கத்தின் வயது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

17. காவலர் வந்து "எடுக்கக்கூடாது"ன்னு சொல்றார். பொது இடம்தானே?

பொது இடம்தான், ஆனாலும் பாதுகாப்புக் காரணத்தால் பல நாடுகளில் முக்கியப் பாலங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. பலகை இருந்தால் அதுதான் முடிவு. வாதாடாமல் நகர்ந்து, தடையில்லாத கரையிலிருந்து எடுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி கேளுங்கள். ட்ரோன் பறக்கவிட ஒவ்வொரு நாட்டிலும் தனி விதி, தனி வரைபடம், முதலில் அதைப் பாருங்கள். ரயில் பாலத்தின் தண்டவாளத்தில் மட்டும் எந்தப் படத்துக்காகவும் இறங்க வேண்டாம். படத்தை விற்பதாக இருந்தால் பதிப்புரிமையையும் கவனியுங்கள். பிரான்சில் சமீபகாலக் கட்டுமானங்களின் படத்தைத் தனிநபர் வணிகமில்லாமல் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கட்டடக்கலைஞர் தரப்பின் அனுமதி வேண்டும்.

18. பேசினவங்க வீட்டு ஆல்பத்துல பழைய பாலப் படம் இருக்கு. எப்படி நகல் எடுக்கறது?

ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். நான் பிய்த்திருக்கிறேன். ஓரம் கிழிந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆல்பத்தை ஜன்னல் பக்கத்தில் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, விளக்கை அணைத்து எடுங்கள். தனியாக வரும் படமென்றால் 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்க வேண்டாம், ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் தேதியும் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தை வீட்டுக்கு வாங்கிப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

19. படத்துக்கு அடியில எவ்வளவு எழுதணும்?

பாலத்தின் பெயர், நின்ற இடம், திசை, தேதி, நேரம். கதை இருந்தால் யாருடைய ஞாபகம், எப்போது சொன்னது. "காலத்தை வென்று நிற்கும் கம்பீரம்" மாதிரி எதுவும் வேண்டாம். பாட்டியின் படத்துக்கு நான் எழுதியது: "கிழக்குக் கரையிலிருந்து நான்காவது தூண், தெற்குக் கிராதி, கேமரா உயரம் ஒரு மீட்டர், காலை 6.40. ஏழு வயது ஞாபகம், எழுபத்தொன்பது வயதில் சொன்னது." இதையே படத்தின் ஃபைலுக்குள்ளும் விவரக் குறிப்பாகப் பதிந்துவிடுங்கள். தனியாக எழுதி வைத்த குறிப்பு என்றைக்காவது படத்தைப் பிரிந்துவிடும்.

20. எல்லாம் பேசி முடிச்ச பிறகு "இதைப் போட வேண்டாம்"னு சொல்லிட்டா?

போடக்கூடாது. சம்மதம் ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது என்று நான் நினைப்பதில்லை. வெளியிடும் முன் எழுதியதைப் படித்துக் காட்டிவிடுகிறேன், பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். வண்ணங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்த அந்த முதியவர், ஒன்றரை மணி நேரப் பதிவையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னார். கூட வேலை பார்த்த ஒருவரைப் பற்றியது. எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அவரே என்னைப் பாலத்துக்கு அழைத்துப்போய், ஒரு தூணின் அருகே நிறுத்தி, "இங்கே எடு" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. எடுத்தேன். அந்தப் படத்துக்கு அடியில் இடமும் தேதியும் நேரமும் மட்டும் இருக்கின்றன.